சமூக வானொலியில் தமிழ் நிகழ்ச்சி: தென்னாப்பிரிக்க இசைக் கணக்கை வாராவாரம் சரியாக வைத்திருக்கும் முறை

டர்பன் பக்கம் ஒரு சமூக வானொலியில் பாட்டு நூலகமும் உரிமக் கணக்கும் என் பொறுப்பு. இங்கே வானொலி போடும் பாட்டில் குறிப்பிட்ட விழுக்காடு தென்னாப்பிரிக்க இசையாக இருக்க வேண்டும் என்பது விதி. தமிழ் நிகழ்ச்சி நடத்தப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ‘நம்ம பாட்டு’ என்று நாம் சொல்வது வேறு, சட்டம் ‘தென்னாப்பிரிக்க இசை’ என்று சொல்வது வேறு. சென்னையிலிருந்து வந்த சினிமாப் பாட்டு டர்பனில் நம்மவர்கள் நிறைய இருக்கிற சட்ஸ்வர்த்தில் வீட்டுக்கு வீடு ஐம்பது வருஷமாக ஒலித்தாலும், கணக்கில் அது வெளிநாட்டுப் பாட்டுதான்.

இது மாதக் கடைசியில் உட்கார்ந்து பார்க்கிற கணக்கு இல்லை. பாட்டை நூலகத்தில் ஏற்றுகிற அந்த ஐந்து நிமிஷத்திலேயே பாதிக் கணக்கு முடிந்துவிட வேண்டும். கீழே சொல்லும் வரிசை அதற்காகத்தான். வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்வீர்கள்.

1. உரிமத்தைக் கையில் வாங்கிப் படியுங்கள்

இங்கே ஒலிபரப்பு உரிமம் தருவது இக்காசா என்ற ஆணையம். அடிப்படைச் சட்டம் 2005-ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புச் சட்டம். சமூக வானொலியிடம் இரண்டு தாள் இருக்கும்: ஒலிபரப்புச் சேவைக்கு ஒன்று, அலைவரிசைக்கு ஒன்று. உங்களுக்கு வேண்டியது முதலாவது. அதன் பின்னிணைப்பில்தான் எந்தப் பகுதிக்கு, எந்தச் சமூகத்துக்கு, எந்தெந்த மொழியில், பேச்சு எவ்வளவு, இசை எவ்வளவு என்பதெல்லாம் எழுதியிருக்கும்.

பல நிலையங்களில் இந்தத் தாள் மேலாளரின் இழுப்பறையில் கிடக்கும். நிகழ்ச்சி நடத்துகிறவர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார். நகல் ஒன்று கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம். அது ரகசிய ஆவணம் அல்ல.

படிக்கும்போது மொழிப் பகுதியை விரலை வைத்துப் படியுங்கள். தமிழுக்கு இவ்வளவு என்று எழுதியிருந்தால், அது பாட்டின் மொழிக்கா, பேச்சின் மொழிக்கா, இரண்டுக்குமா என்று பாருங்கள். இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம் ஊர்த் தமிழ் நிகழ்ச்சிகளில் ‘வணக்கம்’ சொன்ன அடுத்த நொடி ஆங்கிலம் ஆரம்பித்துவிடுகிறது. அப்புறம் பாட்டுப் பெயரைச் சொல்லத்தான் தமிழ் வருகிறது. தாளில் தமிழ் நிகழ்ச்சி, காற்றில் ஆங்கில நிகழ்ச்சி. யாராவது பதிவைக் கேட்டால் இது மறையாது. அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழின் பெயரும் இருக்கிறது என்று பெருமைப்படுவோம். சரி, பெருமை இருக்கட்டும். பின்னிணைப்பில் இருக்கிற எண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

2. மூன்று எண்களை ஸ்டூடியோச் சுவரில் ஒட்டுங்கள்

முதல் எண், உங்கள் நிலையத்துக்கான தென்னாப்பிரிக்க இசை விழுக்காடு. 2016-இல் வந்த இசை விதிகள் இதைப் படிப்படியாக உயர்த்தின. வணிக வானொலிக்கு அது 35 விழுக்காட்டில் நிற்கிறது. பொது வானொலிக்கும் சமூக வானொலிக்கும் அதைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாது. பழைய ஆட்கள் ‘நமக்கு 40’ என்பார்கள். அது முந்தைய விதி, இப்போது செல்லாது. விதியையும் உங்கள் உரிமத்தையும் பக்கத்தில் வைத்து, உங்களுக்கு உரிய எண்ணை எழுதுங்கள்.

இரண்டாவது எண் 126. காலை 5 மணி முதல் இரவு 11 மணி வரை நாளுக்கு 18 மணி நேரம், வாரம் ஏழு நாள். இதற்குள் ஒலிபரப்பான பாட்டுகளை மட்டுமே எண்ணுவார்கள். நள்ளிரவில் கணினியை விட்டு வரிசையாக உள்நாட்டுப் பாட்டாக ஓட்டினால் கணக்கு ஏறும் என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 11 மணிக்குப் பிறகு ஓடியது எதுவும் சேராது.

மூன்றாவது எண் 60. அதை 6-ஆம் படியில் சொல்கிறேன்.

3. ஒவ்வொரு பாட்டையும் நான்கு கேள்வி கேளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

மின்னணுத் தொடர்புச் சட்டத்தின் 61-ஆம் பிரிவு நான்கு அளவுகோல் தருகிறது. பாட்டின் வரிகளை எழுதியவர் தென்னாப்பிரிக்கக் குடிமகனா? மெட்டமைத்தவர் குடிமகனா? முக்கியமாகப் பாடியவர்களும் வாசித்தவர்களும் குடிமக்களா? நேரடி நிகழ்ச்சியாக இருந்தால், அது முழுக்க இந்த நாட்டில் பதிவானதா, அல்லது இங்கேயே நடந்து இங்கேயே நேரலையாகப் போனதா? நான்கில் இரண்டுக்கு ‘ஆம்’ வந்தால் அது தென்னாப்பிரிக்க இசை. ஒன்றுதான் வந்தால் இல்லை.

மொழி என்ற கேள்வியே இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ராகமும் இல்லை, பக்தியும் இல்லை.

நடைமுறையில் எப்படி என்று பார்ப்போம். போன வருஷம் புதிதாகச் சேர்ந்த ஒரு அக்கா பிஸ்கட் டின் நிறைய சிடி கொண்டுவந்தார். அதில் ஒன்றின் மேல் பால்பாயிண்ட் பேனாவில் ‘கோயில் பஜனை’ என்று மட்டும் எழுதியிருந்தது. ‘இது நம்ம மெர்பேங்க் ஆளுங்க பாடினது, கண்டிப்பா லோக்கல்தான்’ என்றார். பாட்டு திருப்புகழ். வரிகள் அருணகிரிநாதர், மெட்டு தமிழ்நாட்டிலிருந்து வந்தது. பாடியவர்கள் மட்டும் இங்குள்ளவர்கள். ஸ்டூடியோவில் பாடிப் பதிந்திருந்தால் ஒரு ‘ஆம்’தான், தேறாது. ஆனால் விசாரித்தால், அது கோயில் விழாவில் பாடும்போதே பதிந்தது. இரண்டாவது ‘ஆம்’ வந்துவிட்டது. அதே குழு, அதே பாட்டு. பதிந்த விதம்தான் கணக்கை மாற்றியது.

இதே மாதிரி சினிமாப் பாட்டும். டர்பனில் உள்ள ஒரு மெல்லிசைக் குழு பழைய சினிமாப் பாட்டை ஸ்டூடியோவில் பாடிப் பதிந்தால் தேறாது. அதையே மண்டபத்தில் ஜனங்கள் முன்னால் பாடி, அந்த நிகழ்ச்சியைப் பதிந்தால் தேறும்.

மறுபக்கமும் இருக்கிறது. சென்னையிலிருந்து பிரபலப் பாடகர் வந்து டர்பனில் கச்சேரி செய்கிறார், நீங்கள் பதிவு செய்கிறீர்கள். இங்கே பதிவானது என்ற ஒரு ‘ஆம்’ மட்டுமே கிடைக்கும். அவர் குடிமகன் இல்லை, பாட்டும் நம்முடையது இல்லை. கும்பாபிஷேகத்துக்கு வரவழைத்த நாதஸ்வரக் குழுவுக்கும் இதுதான் நிலை. வேலை விசாவில் வந்து இங்கே கோயிலில் தேவாரம் பாடும் ஓதுவார் பத்து வருஷம் இருந்தாலும், குடியுரிமை வாங்கியிருக்கவில்லை என்றால் குடிமகன் கணக்கில் வர மாட்டார். சட்டம் கேட்பது குடியுரிமை, முகவரி இல்லை.

பலர் வீணாகக் கழித்துவிடுவது இன்னொரு வகை. டர்பன் பக்கம் பீனிக்ஸில் இருக்கிற ஒரு பெண் தமிழில் பாட்டு எழுதினார், சென்னை இசையமைப்பாளர் மெட்டுப் போட்டார், இங்குள்ள பிள்ளை ஒருத்தி சென்னைக்கே போய் ஸ்டூடியோவில் பாடி வந்தாள். ‘மெட்ராஸில் பதிந்தது, அப்போ வெளிநாடு’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வரிகள் ஒரு ‘ஆம்’, பாடியது ஒரு ‘ஆம்’. தேறுகிறது. ஸ்டூடியோ எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை.

தேவாரத்துக்கு இங்குள்ள இளைஞர் யாராவது புதிதாக மெட்டுப் போட்டு, இங்குள்ளவர்களே பாடினால் அதுவும் தேறும். எழுதியவர் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தையவர் என்பதால் நஷ்டமில்லை. மெட்டும் குரலும் போதும்.

4. ஏற்றும்போதே குறியிடுங்கள்

பதில் கிடைத்த அந்த நிமிஷமே எழுதி வையுங்கள். நாளைக்கு என்று வைத்தால், அந்த சிடியைக் கொடுத்த தாத்தாவின் போன் நம்பரே கிடைக்காது.

எக்செல் தாளில் ஒரு பாட்டுக்கு ஒரு வரி போதும்: பாட்டு, எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர், பதிந்த இடம், பதிந்த நாள், நான்கு கேள்விக்கும் ஆம் அல்லது இல்லை. கடைசிக் கட்டத்தில், இது எனக்கு எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு வார்த்தை: சிடி உறை, பாடியவர் எழுதிக் கொடுத்தது, நானே நேரில் இருந்தேன், இப்படி. மற்ற கட்டங்களை எல்லாரும் நிரப்பிவிடுவார்கள், கடைசிக் கட்டத்தைத்தான் விட்டுவிடுவார்கள். பின்னால் கேள்வி வரும்போது உங்களைக் காப்பாற்றுவது அந்தக் கட்டம்தான்.

தெரியாத பாட்டை ‘இல்லை’ என்றே போடுங்கள். சந்தேகத்தை நமக்குச் சாதகமாக எண்ணினால், அடுத்த வருஷம் அது நாற்பது பாட்டாக வளர்ந்து நிற்கும்.

கோயில் குழுக்களைப் பதியப் போகும்போது ஒரு பக்கப் படிவம் கொண்டுபோங்கள். பாடுகிறவர்கள் பெயர், குடிமக்களா என்ற கேள்வி, பதியவும் ஒலிபரப்பவும் சம்மதம், கையெழுத்து. நேரடி நிகழ்ச்சியைப் பதியக் கலைஞரின் சம்மதம் சட்டப்படி வேண்டும்; அது முடிந்த பிறகு தேடிப்போய் வாங்குகிற காரியம் இல்லை. காவடி அன்று எல்லாம் முடிந்து சோறு போடும்போது யார் யாரைத் தேடுவீர்கள்? அடையாள அட்டை நகல் மட்டும் வாங்காதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் அந்த நகல்களைப் பத்திரமாக வைப்பது தனித் தலைவலி. கையெழுத்திட்ட வாக்குமூலம் போதும் என்பது என் கருத்து.

5. வாரத்தைக் கட்டுங்கள்

இப்போதுதான் பாட்டு வரிசைக்கு வர வேண்டும். குறியிடாத நூலகத்திலிருந்து வரிசை கட்டினால் அது ஊகம்.

விழுக்காடு நிலையம் முழுவதற்கும், வாரம் முழுவதற்கும் சேர்த்து. இதைக் கேட்டதும் புதியவர்கள் பெருமூச்சு விடுவார்கள்: ‘அப்போ என் இரண்டு மணி நேரத்தில் நான் எதை வேண்டுமானாலும் போடலாம், மற்றவர்கள் ஈடுகட்டட்டும்.’ கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்குப் பத்துப் பாட்டு என்றால் 126 மணிக்கு 1,260. உங்கள் எண் 70 என்று வைத்துக்கொண்டால் 882 உள்நாட்டுப் பாட்டு வேண்டும். வெளிநாட்டுக்கு மிச்சம் 378. இரண்டு மணி நிகழ்ச்சியில் 20 சென்னைப் பாட்டு போடுகிறவர்கள் பதினெட்டு பேர் இருந்தால் 360. பத்தொன்பதாவது ஆள் நிகழ்ச்சியை முடிக்கும்போது நிலையம் மூழ்கிவிடும். அதற்கு மேல் இந்தி நிகழ்ச்சி, தெலுங்கு நிகழ்ச்சி, காலையில் ஓடும் ஆங்கிலப் பாட்டுகள் எல்லாம் இருக்கின்றன.

இன்னொரு நிபந்தனையும் உண்டு: உள்நாட்டு இசை அந்த நேரம் முழுவதும் ஓரளவு சீராகப் பரவியிருக்க வேண்டும். செவ்வாய் மத்தியானம் கொட்டி வைத்து ஞாயிறு காலை காலியாக விடக் கூடாது. எங்கள் நிலையத்தில் நான் வைத்திருக்கும் கட்டு இது: எந்த நிகழ்ச்சியாக இருந்தாலும் மணிக்குக் குறைந்தது மூன்று உள்நாட்டுப் பாட்டு. மிச்சத்தை மற்ற நேரங்களில் ஈடுகட்டுகிறோம். மூன்று என்பது விதியில் இருக்கிற எண் இல்லை, நாங்கள் பட்டு அறிந்தது.

‘தமிழில் அவ்வளவு உள்நாட்டுப் பாட்டு எங்கே இருக்கிறது?’ நியாயமான கேள்விதான். அதனால்தான் 3-ஆம் படியில் அவ்வளவு நேரம் நின்றேன். மாதம் ஒரு கோயில் விழாவோ மண்டப நிகழ்ச்சியோ பதிந்தால், வருஷத்தில் நூறு பாட்டுக்கு மேல் சேரும். ஆடிக் கூழ் ஊற்றும் நாட்கள், புரட்டாசி சனிக்கிழமைகள், தைப்பூசம் என்று நாட்காட்டியில் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். மிச்சத்துக்கு இங்குள்ள சட்னி இசை (இந்திய மெட்டும் துள்ளல் தாளமும் கலந்த பாட்டு), வாத்திய இசை. தமிழ் நிகழ்ச்சி நடுவே இசுலு (சூலு மொழி) பாட்டு போட்டால் வீட்டிலிருந்து போன் வரும், எனக்குத் தெரியும். ஒரு தடவை ஒரு ஆயா என்னைத் திட்டி முடிக்க நாலு நிமிஷம் ஆனது. பாட்டு ஓடி முடிந்தே விட்டது.

6. பதிவுக் கணினியைக் கவனியுங்கள்

இங்கேதான் அந்த 60. ஒலிபரப்பான எல்லாவற்றையும் குறைந்தது 60 நாள் பதிவாக வைத்திருக்க வேண்டும். ஆணையம் கேட்டால் கொடுக்க வேண்டும்.

இதில் என் அனுபவம் கசப்பானது. ஒரு நேயர் ஒரு மாலை நிகழ்ச்சி பற்றிப் புகார் எழுதியிருந்தார். அந்தப் பதிவைக் கேட்டுக் கடிதம் வந்தது. தேடினால் மூன்று மணி நேரம் இல்லை. லோட் ஷெட்டிங்கில் மின்சாரம் போனபோது ஒலிபரப்பு ஜெனரேட்டரில் ஓடியது. பதிவுக் கணினி மட்டும் அணைந்து, மின்சாரம் வந்ததும் தானாக எழுந்து, ‘பாஸ்வேர்ட் கொடு’ என்று திரையில் நின்றுகொண்டிருந்தது. நிகழ்ச்சியில் தப்பே இல்லை என்று எங்களுக்குத் தெரியும். காட்டத்தான் எதுவும் இல்லை.

அதிலிருந்து கற்றது: கணினிக்கு யூ.பி.எஸ். வேண்டும். அணைந்து எழுந்தால் பாஸ்வேர்ட் கேட்காமல் பதிவு மென்பொருள் தானாக ஓட வேண்டும். கணினியின் மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி தவறாக எழும், கோப்புகள் எல்லாம் ஏதோ ஒரு பழைய வருஷத்தில் போய் உட்காரும், அதை மாற்றுங்கள். மணிக்கு ஒரு கோப்பாகப் பிரித்துப் பதியுங்கள், ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும்.

மிக்ஸரிலிருந்து நேராகப் பதிவதைவிட, ஒரு ரேடியோவை வைத்து அதிலிருந்து பதிவது நல்லது. காற்றில் போனது எதுவோ அதுதான் சாட்சி. மிக்ஸரில் சத்தம் இருந்து டிரான்ஸ்மிட்டர் செத்திருந்தால் உங்கள் பதிவு பொய் சொல்லும்.

இடம் ஒரு சாக்கே இல்லை. 64 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஒரு நாளுக்கு 700 எம்பி கூட வராது, 60 நாளுக்கு 42 ஜிபிக்குள் அடங்கும். நான் 90 நாள் வைக்கிறேன். புகார் என்று காதில் விழுந்த அன்றே அந்த நாளின் கோப்புகளைத் தனி ஃபோல்டருக்கு நகலெடுத்துவிடுவேன்; இல்லையென்றால் கடிதப் போக்குவரத்து நடக்கும்போதே மென்பொருள் பழையதை அழித்துவிடும்.

7. திட்டமிட்டதை அல்ல, ஓடியதை எழுதுங்கள்

வரிசையில் 22 பாட்டு இருந்தது. விருந்தாளி பேச்சை நிறுத்தவில்லை, 14 தான் ஓடியது. விட்டுப்போன எட்டில் ஆறு உள்நாட்டுப் பாட்டு, ஏனென்றால் அவற்றைக் கடைசியில் வைத்திருந்தீர்கள். இது எல்லாருக்கும் நடக்கும். இரண்டு மருந்து: உள்நாட்டுப் பாட்டை மணியின் முன்பாதியில் வையுங்கள், நிகழ்ச்சி முடிந்து எழுவதற்கு முன் ஓடிய பட்டியலில் டிக் போடுங்கள். பேனாவால் போடுகிற டிக்கே போதும்.

8. சாம்ரோவும் சாம்ப்ராவும் தனி

இக்காசா உரிமம் இருந்தால் பாட்டுக்குக் காசு கட்ட வேண்டாம் என்று நினைக்காதீர்கள். பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் பங்கு சாம்ரோ என்ற உரிமைத்தொகை வசூல் அமைப்பு வழியாகப் போகும். பதிவின் உரிமையாளரும் பாடியவரும் பெறுவது சாம்ப்ரா என்ற இன்னொரு அமைப்பு வழியாக. இரண்டும் பாட்டுப் பட்டியல் கேட்கும். 4-ஆம் படியிலும் 7-ஆம் படியிலும் எழுதியதே இங்கேயும் போதும். நம் ஊர்ப் பாட்டுக்காரர்களைப் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். பட்டியலில் பெயர் இருந்தும் உறுப்பினர் இல்லை என்றால் பணம் வீடு வந்து சேராது.

9. நிகழ்ச்சியின் தன்மையை மாற்ற நினைத்தால்

பேச்சு 40, இசை 60 என்று உரிமத்தில் இருக்க, கேட்கிறவர்கள் பாட்டுதான் கேட்கிறார்கள் என்று நீங்களாகப் பேச்சைக் குறைக்க முடியாது. மொழி அளவும் அப்படித்தான். உரிமத்தைத் திருத்த விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகு மாற்ற வேண்டும். முதலில் மாற்றிவிட்டு அப்புறம் விண்ணப்பம் போடுகிறவர்கள், செய்த மீறலைத் தாங்களே எழுத்தில் கொடுக்கிறார்கள்.

கட்சி விஷயத்தில் இன்னொரு பொறி. கட்சி விளம்பரம் தேர்தல் காலத்துக்கு வெளியே கூடாது. கவுன்சிலர் ஒருவர் தீபாவளி வாழ்த்து கொடுத்து, கடைசி வரியில் கட்சிப் பெயரையும் சேர்த்துக் கொடுப்பார். கோயில் கமிட்டி சிபாரிசும் கூடவே வரும். கட்சிப் பெயரை எடுக்கச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் நான் வாங்க மாட்டேன்.

10. காலாவதித் தேதியை இன்றே குறியுங்கள்

சமூக வானொலி உரிமம் ஐந்து வருஷத்துக்கு. புதுப்பிப்புக் கடிதத்தை முடிவதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்பதால், நான் ஒரு வருஷத்துக்கு முன்பே கோப்பைத் திறந்துவிடுவேன். நிர்வாகக் குழுக் கூட்டக் குறிப்புகள், ஆண்டுக் கூட்ட விவரம், சமூகத்தின் ஆதரவுக் கடிதங்கள் எல்லாம் சேர்க்க நாள் பிடிக்கும். குழுத் தலைவர் இந்தியாவுக்கு யாத்திரை போயிருப்பார், கையெழுத்துக்காக ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். இது நான் கற்பனையில் சொன்னதில்லை.

11. கடிதம் வந்தால்

பயப்பட வேண்டாம்; எல்லாக் கடிதமும் வழக்கு இல்லை. பல சமயம் ஒரு குறிப்பிட்ட வாரத்தின் பதிவும் பாட்டுப் பட்டியலும் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான். முதலில் கெடு தேதியைப் பாருங்கள். பிறகு கேட்ட வாரத்தின் பதிவைப் பூட்டி வையுங்கள். அப்புறம் பட்டியலைப் பதிவோடு ஒரு மணி நேரமாவது ஒப்பிட்டுப் பாருங்கள்; பொருந்தவில்லை என்றால் அனுப்புவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குறை இருந்தால் குறை என்று எழுதுங்கள்: எந்த வாரம், எத்தனை பாட்டு குறைந்தது, ஏன், எந்த வாரத்திலிருந்து சரியாகும். விளக்கம் எழுதாமல் விட்டால் விஷயம் ஆணையத்தின் புகார் மற்றும் இணக்கக் குழுவுக்குப் போய் விசாரணை ஆகலாம். அந்த மூன்று மணி நேரம் காணாமல் போனபோது நாங்கள் மின்வெட்டு அட்டவணையின் நகலையும் புது யூ.பி.எஸ். வாங்கிய ரசீதையும் இணைத்தே அனுப்பினோம். மின்னஞ்சலில் அனுப்பினால் கிடைத்தது என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் இரண்டாவது பிரதியில் முத்திரை வாங்கி அதே கோப்பில் வையுங்கள்.